ஏழு வருஷம் போதும்

"இனி உங்களோடும் வேலை செய்ய மாட்டோம், உங்களுக்காகவும் செய்ய மாட்டோம்."

1661 மார்ச்சில், அமெரிக்காவில் அப்போது ஆங்கிலேயக் காலனியாக இருந்த மாசசூசெட்ஸில், வீட்டில் ஜெபம் தொடங்கும் முன், பிலிப் வெல்ச் தன் எஜமானர் சாமுவேல் சைமண்ட்ஸிடம் சொன்னது இது. அவர் திருப்பிக் கேட்டார்: "அப்படியா? பிறகென்ன, விளையாடப் போகிறீர்களா?" ஏழு வருஷம் உழைத்தாயிற்று, போதும் என்றார்கள் பிலிப்பும் கூட இருந்த வில்லியம் டவுனிங்கும். ஓடிப்போனால் ஒழிய எனக்குத்தான் வேலை செய்தாக வேண்டும் என்றார் அவர். விஷயம் கான்ஸ்டபிளிடம் போனது, பிறகு கோர்ட்டுக்கு.

அந்த "விளையாடப் போகிறீர்களா"வைத் தாண்டிப் போக எனக்கு முடியவில்லை. அது கோர்ட் ஆவணத்திலேயே இருக்கிறது. தன்னையே காட்டிக்கொடுக்கும் வார்த்தை அது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். அப்படிச் சொல்லவும் முடியவில்லை. இங்கிலாந்தில் சான்சரி நீதிமன்றத்தில் ரிட் (நீதிமன்ற ஆணை) எழுதும் எழுத்தராக இருந்தவர். 1637-ல் மாசசூசெட்ஸ் வந்தார். இப்ஸ்விச்சில் ஆர்கில்லா என்ற பண்ணைக்குச் சொந்தக்காரர். 1673-லிருந்து 1678-ல் இறக்கும்வரை துணை ஆளுநர். மனிதர் எதையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர். வீடு கட்ட அவர் எழுதிய கடிதத்தைப் படித்தால் தெரியும். நீளம் 30 அடியோ 35 அடியோ, அகலம் 16-ஓ 18-ஓ, எதுவானாலும் சரி. ஆனால் இரண்டு முனையிலும் வரும் மரப் புகைபோக்கிகளின் சட்டம் வழக்கத்தைவிட உறுதியாக இருக்க வேண்டும். தீப்பிடிக்காமலிருக்க அப்பும் களிமண்ணின் பாரத்தை அது தாங்க வேண்டுமே. மாடியில் தானியம் ஏற்றப்போகிறார், ஆகவே பக்க உத்தரங்களை வெறுமனே ஆணியடித்து நிறுத்தக் கூடாது. செங்குத்துக் கால்களில் வெட்டிச் செருக வேண்டும், அல்லது கீழே தனியாக முட்டுக்கால் கொடுக்க வேண்டும். இறவாரம் நன்றாகக் கீழே இறங்கி வர வேண்டும், சுவர் நனையாமலிருக்க. எந்த வாசலும் ஆள் நிமிர்ந்து நுழையும் உயரம் இருக்க வேண்டும். பாரம் எங்கே விழும், எது முதலில் விட்டுப்போகும் என்று யோசித்தே பழகிய மூளை.

அதே மூளை, அந்த இருவரையும் வாங்கிய 1654 மே 10-ம் தேதிப் பத்திரத்தை எப்படிப் படித்தது? 'குட்ஃபெல்லோ' கப்பலின் தலைவர் ஜார்ஜ் டெல், இங்கிலாந்து அரசின் உத்தரவுப்படி தான் கொண்டுவந்த இரண்டு அயர்லாந்துப் பையன்களை ஒன்பது வருஷ ஊழியத்துக்கு விற்கிறார். விலை 26 பவுண்டு, தானியமாகவோ மாடாகவோ, அக்டோபர் முடிவதற்குள். கணக்குப் போட்டால் ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு ஒன்றரைப் பவுண்டுகூட இல்லை. பையன்கள் கையெழுத்துப் போட அதில் இடமே கிடையாது.

அவர் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பிடித்துவந்தது அவர் அல்ல, விலை கொடுத்து வாங்கியவர். 1641-ம் வருஷத்துக் காலனிச் சட்டமும் அவர் பக்கம்தான்: அடிமைத்தனம் கூடாது என்று தொடங்கி, நியாயமான போரில் பிடிபட்டவர்களையும், தங்களைத் தாங்களே விற்றுக்கொள்ளும் அல்லது "நமக்கு விற்கப்படும்" அந்நியர்களையும் அதற்கு விதிவிலக்காக்குகிறது. அந்த இரண்டு சொல் போதும், கப்பலே நுழைந்துவிடும். ஆனால் அதே சட்டத்தில், ஏழு வருஷம் ஒழுங்காக உழைத்த ஊழியனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்றும் இருக்கிறது. ஏழு என்ற எண் பிலிப்பின் கற்பனை அல்ல. பார்படோஸ் தீவில் ஆட்களை விற்கும் காலக்கெடுவைவிட மூன்று வருஷம் கூடுதலாகவே உழைத்துவிட்டோம், கூலி இல்லை, கிடைத்தது சோறும் துணியும்தான் என்று இருவரும் கோர்ட்டில் சொன்னார்கள்.

ஒருவேளை பையன்களை அயர்லாந்திலிருந்து கடத்திவந்த சங்கதி அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். இருக்கலாம்தான். ஆனால் அதே கப்பலில் கடத்திவரப்பட்ட ஜான் ரிங் 1661-ல் சாட்சி சொன்ன பிறகு? இரவில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அவரையும் வேறு பலரையும் படுக்கையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். கப்பலில் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தவர்களில் இந்த இருவரும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தலைவர் பாய் விரித்த அவசரத்தில் தண்ணீரிலும் பாத்திரங்களிலும் கொஞ்சத்தைக் கரையிலேயே விட்டுப் போனார். அட்லாண்டிக்கைக் கடக்கப்போகிறவன் குடிதண்ணீரை விட்டுவிட்டு ஓடுகிறான் என்றால், கையில் இருப்பது முறையான சரக்கு என்று யார் நம்புவார்கள்? இதைக் கேட்ட பிறகும் சைமண்ட்ஸ் வழக்கை வாபஸ் வாங்கவில்லை.

இதற்கு நாலு வருஷம் முன்பு, 1657-ல், நீதிபதி ஆசனத்தில் இருந்தவர் இவரே. இப்ஸ்விச் ஊர் தன் போதகரின் வீட்டுக்கு 100 பவுண்டு கொடுக்கத் தீர்மானித்து வரி போட்டது. ஜார்ஜ் கிடிங்ஸ் கட்ட மறுத்தார். அவர் வீட்டுப் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) பாத்திரங்களை வரி வசூலிக்க வந்தவர் தூக்கிக்கொண்டு போனார். ஒருவன் சொத்தை அவன் சம்மதமில்லாமல் எடுத்து இன்னொருவனுக்குக் கொடுப்பது அடிப்படைச் சட்டத்துக்கே விரோதம் என்று சைமண்ட்ஸ் தீர்ப்பெழுதினார். காலனியின் பொதுச் சபை பின்னால் அதை மாற்றிவிட்டது, அது வேறு கதை. பாத்திரத்துக்குச் சம்மதம் தேவை என்று கண்டவர், ஆளுக்குத் தேவை என்று ஏன் காணவில்லை? கபடம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிடிங்ஸ் அவருக்கு அக்கம்பக்கத்து மனிதர், பிலிப் பத்திரத்தில் ஒரு வரி. இது நியாயமா, வெறும் விளக்கமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஜூனில் சேலத்தில் (மாசசூசெட்ஸ் சேலம்தான்) விசாரணை. ஜூரி தானாக முடிவெடுக்காமல் நழுவியது: பத்திரம் சட்டப்படி செல்லுமானால் இன்னும் இரண்டு வருஷம், செல்லாதென்றால் விடுதலை என்றது. செல்லும் என்றது கோர்ட். 1663 மே 10 வரை உழைக்க வேண்டும். இருவரும் மேல்முறையீடு செய்தார்கள். எந்த அரசின் உத்தரவைப் பத்திரம் காட்டியதோ, மன்னராட்சியை நீக்கிவிட்டு வந்த அந்த கிராம்வெல் அரசே அப்போது இல்லை, மன்னர் திரும்பி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

இன்னொன்று. அந்தப் பத்திரத்தில் இருக்கும் பெயர்கள் வில்லியம் டால்டன், எட்வர்ட் வெல்ச். கோர்ட்டில் நின்றவர்கள் வில்லியம் டவுனிங், பிலிப் வெல்ச். உத்தரம் எதில் செருகப்பட வேண்டும் என்றுகூடக் கடிதத்தில் எழுதித் தெரிவித்தவர், ஏழு வருஷம் தன் கூரைக்குக் கீழே தூங்கியவர்களின் பெயரைத் திருத்தவில்லை.