சுவருக்கு 11 நாள், அனுமதிக்கு 14 மாதம்

வாடகை கொடுத்தே ஓய்ந்துபோன எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து கடன் போட்டு ஒரு மனை வாங்கினோம். எட்டு வீடுகள் கட்டுவது திட்டம். செலவைக் குறைக்கத் தொழில்நுட்பம்தான் வழி என்று அடித்துச் சொன்னவன் நான். சுவரையும் தளத்தையும் தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் ஏற்றிவந்து, கிரேனால் தூக்கி நிறுத்தும் ப்ரீகாஸ்ட் முறை. கட்டும் காலம் பாதியாகக் குறையும் என்று கணக்கு சொன்னது.

அனுமதிக்குக் கொடுத்த வரைபடம் திரும்பி வந்தது. வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம் கட்டாயமாம். எங்களில் மூன்று குடும்பங்களிடம்தான் கார் இருந்தது. இல்லாத ஐந்து கார்களுக்கு இடம் விட்டால் தரைத்தளத்தில் இரண்டு வீடுகள் போய்விடும். மேலே ஒரு மாடி கூட்டலாம் என்றால், அந்தத் தெருவில் உயரக் கட்டுப்பாடு. எந்த இரண்டு குடும்பங்கள் விலகுவது என்று ஓர் இரவு முழுக்கப் பேசினோம். யாராலும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அப்புறம்தான் மற்ற நகரங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். கட்டுமானத்தையே தொழிற்சாலைக்குள் கொண்டுவரப் போவதாக 2015இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம் கட்டெர்ரா, பெரும் முதலீடு திரட்டியும் 2021இல் திவாலானது. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இல் குடியிருப்பு நிலத்தில் சுமார் முக்கால் பங்குக்குக் கட்டட விதிகளைத் தளர்த்தியது. அடுத்த ஆண்டுகளில் புது வீடுகளுக்கான அனுமதிகள் வெகுவாகக் கூடின. ஒரு மனையில் எத்தனை வீடு வரலாம் என்பது நகர மன்றத்தில் உயரும் கைகளைப் பொறுத்தது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

சரி, மன்றத்துக்கே போவோம் என்று முடிவெடுத்தோம். உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தோம். அக்கம்பக்கத்தாருக்குப் பயம், தெருவெல்லாம் வண்டி நிற்குமே என்று. நியாயமான பயம்தான். மூன்று வாரம் காலையும் இரவும் தெருவில் நிற்கும் வண்டிகளைப் போனில் படமெடுத்து எண்ணினோம். இரவில்கூடப் பாதித் தெரு காலி. விசாரணை நாளில் அந்தப் படங்களைக் காட்டியபோது, கடுமையாக எதிர்த்த ஒரு பெரியவர், "விருந்தாளி வண்டிக்கு ஒரு இடம் விடுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். விட்டோம். நான்கு நிறுத்துமிடங்களோடு விதிவிலக்கு கிடைத்தது. எட்டு வீடுகளும் தப்பின.

அனுமதிக்கு மொத்தம் 14 மாதம். சுவர்கள் நின்றது 11 நாளில். ப்ரீகாஸ்டில் மிச்சம் பிடித்ததை மனைக்கடன் வட்டி தின்றுவிட்டது. காத்திருக்க முடியாமல் ஒரு குடும்பம் நகரத்துக்கு வெளியே போய்விட்டது. அவர்களுக்கென்று வரைந்த இரண்டாம் மாடி வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.