பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை

அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவையை ஒருமுறை சலவைத்தூளில் ஊறவைத்துப் பாழாக்கினேன், சரிகைக் கரை ஓரமெல்லாம் வெளிறிப்போய், துணியும் மொரமொரவென்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் பட்டுக்குப் பூந்திக்கொட்டைதான்.

பட்டு ஒரு புரத இழை. சலவைத்தூளின் காரம் அதை அரிக்கும். பூந்திக்கொட்டைத் தோலில் இருக்கும் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் காரமில்லாமலே நுரைத்து அழுக்கை இழுத்துவிடும், நகைக்கடைக்காரர்கள் நகை கழுவ இதைப் பயன்படுத்துவதும் அதனால்தான்.

பத்துக் கொட்டையைத் தட்டி உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிட்டு, தோலை மட்டும் இரவு முழுக்க வெந்நீரில் ஊறவையுங்கள். காலையில் கையால் பிசைந்தால் தோல் வழுவழுவென்று கூழாகும், தேன் நிறத்தில் நுரை பொங்கும், லேசாகப் புளித்த பழ வாசனை வரும். வடிகட்டி ஒரு வாளித் தண்ணீரில் கலந்து புடவையை ஐந்து நிமிடம் அலசி, பிழியாமல் நிழலில் உலர்த்தினால் போதும். மிச்சக் கரைசலை இரண்டு நாளுக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், கெட்டுவிடும். எண்ணெய்க் கறை, மஞ்சள் கறைக்கு இது போதாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் உடம்புக்கு? என் வறண்ட தோலுக்குப் பச்சைப்பயறு மாவுதான் ஒத்துக்கொள்கிறது. பூந்திக்கொட்டையைத் தலைக்கு மட்டும் தேய்ப்பேன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஏனென்றால் ஒரு சொட்டுப் பட்டாலும் எரிச்சல் தாங்காது.