ஜுவாலஜி சாரின் தண்ணீர்க் கணக்கு

பிளஸ் டூவில் எங்களுக்கு ஜுவாலஜி எடுத்த சார் பாடப்புத்தகத்தை மேசைமேல் வைப்பார், திறக்க மாட்டார். பாலைவன விலங்குகளின் தகவமைப்பு பற்றிப் புத்தகத்தில் கொஞ்சம்தான் இருந்தது. சார் அதை ஒரு வாரம் இழுத்தார். கரும்பலகை நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு. எல்லாம் தண்ணீர். சயின்ஸ் குரூப்பில் படித்த நான் கடைசியில் கணக்குப் பிள்ளையானதற்கு அவர்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு உண்டு.

முதலில் ஒட்டகம். திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். "அது கொழுப்புடா" என்றார் சார். கொழுப்பை எரித்தால் தண்ணீர் கிடைக்கும்தான். ஆனால் எரிக்க ஆக்சிஜன் வேண்டும், அதற்கு மூச்சு வாங்கியாக வேண்டும். காய்ந்த காற்றில், கொழுப்பை எரித்து வந்த தண்ணீர் விடுகிற மூச்சோடு போய்விடும். அதனால் திமிலை வரவில் எழுத விடவே இல்லை. கொழுப்பெல்லாம் முதுகில் ஒரே இடத்தில் சேர்ந்துகிடப்பதால் மற்ற இடங்கள் வழியாகச் சூடு சுலபமாக வெளியேறும், லாபம் அதுதான் என்றார்.

அப்புறம் அவர் போட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. தாகத்தில் இருக்கும் ஒட்டகம் பகலில் வேர்த்துத் தள்ளாமல் உடம்பைச் சூடேற விடுகிறது. விடியற்காலையில் 34 டிகிரி, சாயங்காலம் 40. நமக்கு 40 என்றால் ஆஸ்பத்திரி. 500 கிலோ ஒட்டகம் அந்த 6 டிகிரியை வேர்த்துத் தணிக்கப் பார்த்தால் சுமார் 5 லிட்டர் தண்ணீர் காலி. அதுவோ ராத்திரிக் குளிரில் அந்தச் சூட்டைச் சும்மா இறக்கிவிடுகிறது. 1950களில் சகாராவுக்குப் போய் ஒட்டகங்களை வைத்து இதை அளந்தவர் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானி. அந்தப் பெயரை நான் வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"அப்ப நாம மட்டும் ஏன் சார் இப்படி வேர்த்துக் கொட்டுறோம்?" என்று ஒருத்தன் கேட்டான். ஜூலை மத்தியானம், கரண்ட் வேறு இல்லை. வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். மெட்ராஸ் கடற்காற்றின் ஈரத்தில் அது சரியாக ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டுவது சுத்த நஷ்டம். ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேரில் சட்டை நனையாது, ஆனால் உடம்புத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும் என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே அந்த வாரம் தகும்.

ஒரு சனிக்கிழமை கிண்டி பூங்காவுக்கு வெளிமான் பார்க்கக் கூட்டிப்போனார். தார்ப் பாலைவனப் பக்கத்திலும் வாழ்கிற மான் அது. உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஒன்றையும் காணோம், நிழலில் படுத்திருந்தன. பெரும்பாலான விலங்குகள் வெயிலோடு மல்லுக்கு நிற்பதில்லை, ஒதுங்கிக்கொள்கின்றன என்று அங்கேயே நிற்கவைத்துச் சொன்னார். அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலி பகல் முழுக்க வளைக்குள். தண்ணீரே குடிக்காமல் வாழும். காய்ந்த விதையைத் தின்று, அது உடம்பில் எரியும்போது கிடைக்கும் நீரில் காலம் தள்ளும். சிறுநீரகத்தில் தண்ணீரை மீட்க உதவும் ஹென்லே வளைவு என்ற நுண்குழாய் நீளமாக இருப்பதால் சிறுநீரும் கெட்டியாகத்தான் போகும். ஒட்டகத்துக்குக் கிடைத்த புகழில் பாதி இந்த எலிக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது அபுதாபியில் இருக்கிறேன். இங்கே அரேபிய ஓரிக்ஸ் என்றொரு வெள்ளை மான். 1972-இல் காட்டில் அடியோடு அழிந்து, கூண்டில் வளர்த்த மந்தையை 1982-இல் ஓமானில் மறுபடி விட்டார்கள். கோடையில் மர நிழலில் குளம்பால் மண்ணைத் தோண்டி, அடியில் இருக்கும் குளிர்ந்த மண்மேல் படுத்துக்கொள்ளும். முள்வால் ஓணான் இன்னும் சாமர்த்தியசாலி. இலைதழையில் இருக்கும் ஈரமே அதற்குப் பெரும்பாலும் போதும். கூட வரும் உப்பை மூக்கு வழியாகத் தள்ளிவிடும். மூக்கோரம் வெள்ளையாகப் படிந்திருக்கும். கோடையில் அது காலையில் வெளியே வந்து மேய்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் வளைக்குள் போய்விடும். நானும் நடைப்பயிற்சியை அந்த நேரத்துக்கே மாற்றிக்கொண்டேன்.