பதினொரு கிராம் ஞாபகசக்தி

முதலில் அந்த டாக்சியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் ஆறாது. அமெரிக்காவின் ரீனோ நகரிலிருந்து மவுண்ட் ரோஸ் கணவாய்க்கு, நான் தேடியவரையில், பஸ் கிடைக்கவில்லை. போனில் 60 டாலர் என்று பேசிய ஓட்டுநர் இறங்கும் இடத்தில் 95 கேட்டார். டயருக்குச் சங்கிலி கட்ட வேண்டிய சாலையாம், பனிக்காலக் கட்டணமாம். சங்கிலி வண்டியின் டிக்கியை விட்டு வெளியே வரவே இல்லை. சாலை வெயிலில் காய்ந்து கிடந்தது. பகற்கொள்ளை. பனியில் நடக்கும் காலணிக்கு வாடகை 28 டாலர் தனி. இரண்டு நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம் காலை பத்து மணிக்குள் காலி.

ஆனால் மேலே, சிக்கடி என்ற குட்டிப் பறவையின் பெயரைக் கொண்ட சிக்கடி முகடு இருக்கிறது. சாலையே 2,700 மீட்டர் வரை ஏறுகிறது. அங்கிருந்து பனியில் மூச்சு வாங்க நடந்தால் தாஹோ ஏரி நீலமாக விரியும். எல்லோரும் அதைத்தான் படம் எடுத்தார்கள். நான் இரண்டு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

மலைச் சிக்கடி வந்துவிட்டது! கறுப்புத் தொப்பி, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு, எடை சுமார் 11 கிராம். இரண்டு முழ தூரத்தில் ஒரு பைன் மரத்தைப் பற்றிக்கொண்டு, பட்டையின் வெடிப்பில் ஒரு விதையைச் செருகியது. பிடிக்கவில்லை போலும்; உருவியெடுத்து, ஒரு விரற்கடை மேலே வேறு வெடிப்பில் வைத்து, அலகால் தட்டித் தட்டி உள்ளே இறக்கியது. தலையைச் சாய்த்து ஒரு பார்வை. பறந்துவிட்டது. இப்படிப் பல்லாயிரம் விதைகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில். பனி மூடிய பிறகு அவற்றைத் தேடி எடுத்தால்தான் உயிர்.

இதற்காகத்தான் இவ்வளவு செலவும். ரீனோவிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் விளாடிமிர் பிரவோசுதோவ் குழு, மாநில எல்லைக்கு அப்பால் கலிஃபோர்னியாவின் சேஜ்ஹென் காட்டில் இந்தப் பறவைகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. ஒரு சட்டகத்தில் 8 தீனிப்பெட்டிகள். பறவையின் காலில் மின்னணு வளையம். ஒவ்வொரு பறவைக்கும் ஒரே ஒரு பெட்டிதான் திறக்கும். அதைக் கண்டுகொள்வதற்குள் எத்தனை தவறான பெட்டிகளுக்குப் போகிறது என்று எண்ணுகிறார்கள். பறவைக்குப் பறவை கணக்கு மாறுகிறது.

ஏன் மாறுகிறது என்பதுதான் என்னை இந்த மலைக்கு இழுத்தது. 2,400 மீட்டர் உயரத்தில் பனி சீக்கிரம் விழுகிறது, தாமதமாக உருகுகிறது. அங்கு வாழும் சிக்கடிகளுக்கு, 1,900 மீட்டரில் வாழ்பவற்றைவிட இட ஞாபகம் கூர்மை. மூளையில் அதற்கான ஹிப்போகேம்பஸ் பகுதியும் பெரிது. வெறும் பழக்கத்தால் வந்ததா? மலைச் சிக்கடியின் உறவான கருந்தலைச் சிக்கடியின் குஞ்சுகளை அலாஸ்காவிலிருந்தும் கான்சஸிலிருந்தும் கொண்டுவந்து, ஒரே கூடத்தில் ஒரே மாதிரி வளர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் அலாஸ்காக் குஞ்சுகளே ஞாபகத்தில் முந்தின. 2019இல் வெளியான ஆய்வு இன்னும் அழுத்தமானது: உயரத்தில் வாழும் இளம் பறவைகளில் ஞாபகம் நன்றாக இருந்தவையே முதல் குளிர்காலத்தை அதிகம் தாண்டின. மறந்தவற்றில் பலவற்றைக் குளிர் கொண்டுபோய்விட்டது. அந்த மரத்தடியில் நின்று இதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

அதற்காக மேட்டுப் பறவை எல்லாவற்றிலும் கெட்டிக்காரப் பறவை என்று சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். கற்ற பெட்டியை மாற்றிவைத்து மறுபடி கற்கச் சொன்னால், உயரத்துப் பறவைகள்தான் அதிகம் தடுமாறுகின்றன. பழையதை இறுகப் பிடித்த மூளை புதியதற்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. எந்த மூளை நல்லது என்பதை அந்தந்த இடத்துக் குளிர்காலம்தான் முடிவு செய்கிறது.

போவதென்றால் காற்றில்லாத காலையில் போங்கள். காரை நாலு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். எனக்குத் திரும்பும் வழியில் ஒரு தம்பதி காரில் இடம் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார்கள். பாதி மலையில் கலீனா ஓடைப் பூங்காவில் வண்டியை நிறுத்தினார்கள். அங்கே பனி திட்டுத் திட்டாகத்தான் கிடந்தது, இடையில் மண் தெரிந்தது. தலைக்கு மேல் அதே ‘சிக்-அ-டீ-டீ’. ஒரு சிக்கடி விதையைக் காலடியில் பிடித்து, உடைத்து, அங்கேயே தின்றுகொண்டிருந்தது.