வற்றாப்பளை போகிற வழியில் கேட்ட சாட்சிகள்

முறிகண்டியில் நிற்காமல் போகிற வாகனம் குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வருகிற பஸ், லொறி, வான் எல்லாம் பிள்ளையாருக்கு முன்னால் ஓரம் கட்டும். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் திரும்ப ஏறுவோம். எங்கள் வான் சாரதி ஒரு கதை சொன்னார். நிற்காமல் போன ஒருவருடைய வாகனம் மாங்குளத்துக்குக் கிட்டப் புரண்டதாம். நீங்கள் கண்டீர்களா என்று கேட்டேன். இல்லை, இன்னொரு சாரதி சொன்னது. அவருக்கும் யாரோ சொன்னதுதான். நிற்காமல் போய்ச் சுகமாக வீடு சேர்ந்தவன் அதை ஒரு கதையென்று யாருக்கும் சொல்ல மாட்டானே என்றேன். "அது சரி அண்ணை, ஆனா நான் நிப்பன்" என்றார். நானும் இறங்கித்தான் கும்பிட்டேன். பிள்ளையாரைக் கும்பிட விபத்துக் கதை எதற்கு?

மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, முள்ளியவளை தாண்டினால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலன்று போனால் அம்மாளைவிட முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் அதிகம் பார்க்கலாம். அதனால் ஒரு சாதாரணத் திங்கட்கிழமையில் போனோம். கோயிலுக்குப் பக்கத்திலேயே நந்திக்கடல். காற்றில் உப்பு மணம் இருந்தது.

இந்தக் கோயிலின் கதையே ஒரு சாட்சியில்தான் தொடங்குகிறது. மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து, நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவியாக வந்தாள் என்பார்கள். பிள்ளைகள் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை விட்டு எரியுங்கள் என்றாள், எரிந்தது. பிறகு பேன் பார்க்கத் தலையை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள். ஓடிப்போய்ப் பெரியவர்களைக் கூட்டிவந்தபோது கிழவி இல்லை. ஆக, பெரியவர்கள் எதையும் காணவில்லை. மாடு மேய்க்கிற பிள்ளைகளின் வாயை நம்பினார்கள். இன்றைக்கும் பொங்கலுக்கு முன்னால் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கேற்றுகிறார்கள். அந்த விளக்கை ஊரே கூடி நின்று பார்க்கலாம். ஒருவர் காதுக்குள் மட்டும் கேட்ட குரலை யார் பார்ப்பது?

இதை நினைக்க வைத்தவர் பூசை முடிந்து வெளிவீதி மரநிழலில் இருந்த ஒரு அம்மா. தண்ணீர்ப் போத்தலை நீட்டினார், கதை வளர்ந்தது. 2009இல் இறுதி யுத்தத்தின்போது பிள்ளைகளோடு பங்கருக்குள் இருந்திருக்கிறார். ஒரு பெண் குரல், "எழும்பிப் போ" என்றதாம். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறினார். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் ஷெல் விழுந்தது. பக்கத்துப் பங்கரில் அவருடைய அக்காவின் மகள் இருந்தாள்.

"அவளும் அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தவள், தம்பி."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "எனக்குக் கேட்டதைக் கேக்கேல்லை எண்டு சொல்லேலாது. ஏன் எனக்குச் சொன்னவ, அவளுக்குச் சொல்லேல்லை எண்டு கேட்டா என்னட்டைப் பதில் இல்லை."

நித்திரையில்லாமல், பசியோடு, நாள் முழுக்க ஷெல் சத்தத்துக்குள் இருந்த காதுக்கு எதுவும் கேட்கலாம் என்று ஒரு மருத்துவர் சொல்லக்கூடும். சொல்லட்டும், நியாயம்தான். குரல் எப்படிக் கேட்டிருக்கலாம் என்பதற்கு அது விளக்கம். தெய்வம் பேசவில்லை என்பதற்கு அதுமட்டும் போதாது. நம்முடைய சைவ சித்தாந்தம் இதில் அவசரப்படுவதில்லை. சிவஞான சித்தியார் என்ற அதன் நூல், காண்டல், கருதல், உரை என்று அளவைகளை, அதாவது ஒன்றை அறிகிற வழிகளைப் பேசும்போது யோகக் காட்சியையும் காட்சியில் சேர்க்கிறது. ஆனால் ஐயமும் திரிபும் நீங்கியதுதான் காட்சி என்றும் நிபந்தனை வைக்கிறது. மங்கலில் நிற்பது குற்றியா மனிதனா என்று தடுமாறுகிறவன் இன்னும் ஒன்றையும் காணவில்லை. பிரித்தானியத் தத்துவ அறிஞர் ரிச்சர்ட் ஸ்வின்பேர்ன் 1979இல் இதை மறுபக்கத்திலிருந்து சொன்னார்: சந்தேகிக்கத் தனிக் காரணம் இல்லாவிட்டால், ஒருவருக்குத் தோன்றியதை அப்படியே ஏற்பதுதான் நியாயம். அந்தத் தனிக் காரணத்தை எங்கே தேடுவது என்பதில்தான் எனக்குச் சிக்கல். மடுத் தேவாலயத்தில் இதே மாதிரிக் கதையை மாதாவின் பெயரில் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னவரும் பொய் சொல்லுகிற ஆளாகத் தெரியவில்லை.

அனுபவத்துக்குள்ளே தேடிப் பயனில்லை, அங்கே நமக்கு வழியில்லை. சொல்லுகிறவரைப் பார்க்கலாம். வேறொரு இடத்தில் உருவாடி வாக்குச் சொன்ன ஒருவரைக் கண்டிருக்கிறேன். வந்தவர் வீட்டுக் கஷ்டம் எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. அவர்மேல் வந்த தெய்வத்துக்கு ஒவ்வொரு முறையும் காசும் தேவைப்பட்டது. இந்த அம்மாவுக்கு அந்தக் குரலால் கிடைத்தது உயிர் மட்டும்தான். அதற்குமேல் ஒரு சொல் கூட்டவில்லை. தன் பக்திக்குக் கிடைத்த பரிசு என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால், செத்துப்போன பிள்ளையின் பக்தியில் குறை என்று அர்த்தமாகும். அந்த இடத்துக்குப் போக மறுக்கிறாரே, அதனால்தான் அவருக்குக் கேட்டதை நான் நம்புகிறேன். பேசியது அம்மாள்தான் என்று என் மனம் சாய்கிறது. நிரூபி என்றால் என்னால் முடியாது.

இதை எழுதலாமா என்று வெளிக்கிடும்போது கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"எழுதுங்கோ. ஊர்ப் பேரைப் போடாதேங்கோ. அக்கா போனிலை எல்லாம் வாசிக்கிறவ."

அக்காவுக்கு இன்றுவரை அந்தக் குரலைப் பற்றிச் சொல்லவில்லையாம். அதனால் இங்கே ஊர்ப் பெயர் இல்லை.