சின்னவரின் இலையுதிர் காலம்

ஒக்ரோபர் 6, 2024, ஞாயிறு

ஐந்தே முக்காலுக்கு எழும்பிவிட்டார். எழும்பியவர் தொட்டிலின் கம்பியைப் பிடித்து உலுக்கி வீட்டில் மிச்சம் இருந்த மூன்று பேரையும் எழுப்பினார். வயது இருபது மாதம். ஆனாலும் எங்கள் வீட்டில் ‘ர்’ போட்டுத்தான் கதைப்போம். ஊரில் ஆம்பிளைப் பிள்ளைகளைச் செல்லமாக அப்படித்தான் சொல்வார்கள். அம்மா ஊரிலிருந்து வந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. இப்போது அவர் ‘சின்னவர்’, என் கணவர், அதாவது இவர், ‘பெரியவர்’.

மத்தியானம் இங்கே ரொறன்ரோவில் இருக்கிற மோர்னிங்சைட் பார்க்குக்குப் போனோம். இந்த நாட்களில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சல்மன் மீன்கள் ஹைலண்ட் ஓடையில் எதிர்நீச்சல் அடித்து மேலே வரும். முட்டையிட்டுவிட்டு அங்கேயே செத்துப்போகும். முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. முதுகு வெளியே தெரிய, கல்லில் வயிறு உரச, ஒவ்வொன்றும் என் கை நீளத்துக்கு.

“இது இந்த ஏரி மீனில்லை மாமி, பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டது. இங்கே முதல் இருந்த அத்திலாந்திக் சல்மன் நூறு வருசத்துக்கு முந்தியே இல்லாமல் போச்சு” என்றார் இவர்.

“அப்ப இதுவும் எங்கடை ஆக்களைப்போல வந்து குடியேறினதுதான்” என்றார் அம்மா. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “ரின்னுக்குள்ளை வாறதும் இந்தச் சாதிதானே தம்பி? இவ்வளவு மினக்கெட்டு வாறதைப் பார்த்தால் இனி ரின் உடைக்க மனம் வராது.”

மீன் காட்டக் கூட்டிப்போன ஆள் கடைசிவரை மீனைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த மஞ்சள் இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கோட் பொக்கற்றுக்குள் திணித்தார். திணிக்கும்போதெல்லாம் “இல்ல, இல்ல” என்றார். அவருக்கு இலையும் இல்லையும் ஒரே சொல். ‘லை’ வராது, ஒற்று எங்கே வரும் என்ற கவலையும் கிடையாது. முகத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

ஒக்ரோபர் 14, திங்கள்

நன்றி நவிலும் நாள், விடுமுறை. வான்கோழிக்கு எங்கள் வீட்டில் ஆதரவு இல்லை. ரின்மீனைச் செவ்வாய்க்கிழமையே உடைத்தாயிற்று என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

முன் வாசல் மேப்பிள் பாதி கொட்டிவிட்டது. இலைகளைக் கூட்டி மண்ணிறக் கடதாசிப் பைகளில் கட்டி வைத்தால்தான் நகரசபை வண்டி எடுக்கும், பிளாஸ்டிக் பை என்றால் எடுக்காது. இவர் வாரி வாரி நிரப்பினார். சின்னவர் பின்னால் வந்து வாரி வாரி வெளியே போட்டார். ஒன்றரை மணி நேரத்தில் ஒன்றரைப் பை. கடைசியில் பையை மறுபக்கமாகக் கவிழ்த்து அவரையே உள்ளே விட்டோம். அப்புறம் கொஞ்சம் வேலை நடந்தது.

இலை ஏன் நிறம் மாறுகிறது என்று இவர் அம்மாவுக்கு விளக்கினார். பகல் குறையக் குறைய மரம் பச்சையைக் கைவிடுகிறதாம். மஞ்சள் முதலே உள்ளே இருந்ததுதான், பச்சைக்குள் மறைந்து கிடந்ததாம். சிவப்பு மட்டும் போகிற நேரத்தில் புதிதாக உண்டாவது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எங்கடை வேம்பும் மாசி பங்குனியிலை கொட்டும்தான். அது இவ்வளவு எடுப்புக் காட்டாது” என்றார்.

பிறகு ஒரு மேப்பிள் இலையை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். பூவரசம் இலையில் பீப்பீ செய்வது போல. நுனியை நசித்து வாயில் வைத்து ஊதினார். காற்றுத்தான் வந்தது. இன்னொன்று. அதுவும் கிழிந்தது. அந்த இலை ஐந்து விரலாகப் பிரிந்து கிடக்கிறது, சுருட்டினால் எங்கும் இடைவெளி. பூவரசு போல முழு இலை வேண்டும், அதுவும் பச்சையாக, வளைந்து கொடுக்கிற பதத்தில். நாலாவது இலைக்குப் பிறகு “இந்த நாட்டு இலை ஊதாது” என்று எறிந்தார். சின்னவர் அதைப் பொறுக்கி வாயில் வைத்து, பீப்பீ என்று தன் தொண்டையாலேயே கத்தினார். அவருக்கு ஊதுவதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

ஒக்ரோபர் 22, செவ்வாய்

தடிமன். இரண்டு நாளாக யாருக்கும் நித்திரை இல்லை.

அம்மாவுக்கு ஒரு சிரப் வேண்டும். ஊரில் என்றால் மருந்துக்கடைக்காரர் இதற்குள் மூன்று போத்தல் தந்திருப்பார். இங்கே ஆறு வயதுக்குக் கீழே இருமல், தடிமன் மருந்து கொடுக்க வேண்டாம் என்பது சுகாதாரத் துறையின் அறிவுறுத்தல். மருந்தகத்துப் பெண் உப்புநீர்த் துளிகளைத் தந்து, ஒரு வயது தாண்டிவிட்டதால் தேன் கொடுக்கலாம் என்றார். “டொலர் குடுத்து உப்புத் தண்ணி வாங்கியிருக்கிறாய் பிள்ளை” என்று அம்மா இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் மூக்கில் விட்டு உறிஞ்சியதும் சின்னவர் மூச்சு விட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அம்மா கொத்தமல்லி அவித்து எங்களுக்குத் தந்தார். யாருக்காவது கொடுக்க வேண்டுமே.

ஒக்ரோபர் 31, வியாழன்

தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில். கோட்டே தேவைப்படாத வெயில் வேறு.

பூசணிக்காயில் முகம் வெட்டுகிறோம் என்று இவர் நேற்றிரவு குசினி மேசையில் உட்கார்ந்தார். அம்மா பக்கத்திலேயே கிண்ணத்தோடு நின்றார். இவர் தோண்டத் தோண்ட அம்மா சதையை அள்ளினார். “கறிக்கு ஆகாது மாமி, வெட்டி வைக்கிறதுக்கு எண்டே விளைவிக்கிறது, தண்ணியாய் இருக்கும்.” அம்மா கேட்கவில்லை. தேங்காய்ப்பால் விட்டு வைத்தார். தண்ணியாகத்தான் இருந்தது. எல்லோரும் சாப்பிட்டோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முடிந்த முகத்தை வாசலில் வைத்துப் பார்த்தபோது, “இது வெருளி. புதுவீடு கட்டேக்கை கட்டித் தூக்கிறதுதானே” என்று அம்மாவுக்குச் சட்டென்று பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பக்கத்தில் ஒரு விளக்கும் ஏற்றினார்.

அம்மாவின் அடுத்த திட்டம், வருகிற பிள்ளைகளுக்குப் பயத்தம் உருண்டை கொடுப்பது. பொதி கட்டாத பண்டம் கொடுத்தால் வீட்டுக்குப் போனதும் தாய் தகப்பன் எறிந்துவிடுவார்கள் என்று சொல்லித் தடுத்தோம். அரை மனதோடு சிப்ஸ் பைகளை நீட்டினார். தமிழில் “அம்மம்மா” என்று கூப்பிட்ட இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் உள்ளே கூட்டிப்போய் உருண்டை கொடுத்ததை நான் கண்டும் காணாமல் விட்டேன்.

சின்னவருக்கு வாங்கிய பூசணி உடுப்பை அவர் “இல்ல” என்று சொல்லிவிட்டார். இது இலை அல்ல, இல்லைதான். ஆகவே காலையில் கட்டிவிட்ட ஒட்டு வேட்டியோடும் பட்டுச் சட்டையோடும் மூன்று வீட்டுக்குப் போனார். மூன்றாவது வீட்டுப் பெண்மணி, “நல்லாயிருக்கே, இது என்ன வேஷம்?” என்றார். இவர் கொஞ்சமும் யோசிக்காமல், “மாப்பிள்ளை வேஷம்” என்றார்.

நவம்பர் 3, ஞாயிறு

குளிர்கால நேரம் என்று இன்று அதிகாலை இரண்டு மணியை ஒரு மணியாக்கினார்கள். எல்லோருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல் நித்திரையாம். பிள்ளை இல்லாத யாரோதான் இந்தப் பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும். சின்னவர் வழக்கம்போல எழும்பினார். மணிக்கூடு நாலே முக்கால் காட்டியது. மாலையில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிட, தனக்கு இரவாகிவிட்டது என்று சோறு கேட்டு அழுதார்.

அம்மாவுக்கு நேரம் மாற்றுவது புதிதில்லை. 1996இல் இலங்கை அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளியபோது அம்மா ஆட்கள் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தார்கள். அங்கே புலிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். ஒரே தீவு, இரண்டு நேரம். “ஆரும் நேரம் சொன்னால், பழசோ புதுசோ எண்டு கேக்கோணும்.” 2006இல்தான் எல்லாம் மீண்டும் ஒன்றானது. சின்னவரைப் பார்த்து, “இவரும் பழைய நேரக்காரர்தான், விடு” என்றார்.

இன்றிலிருந்து ஊருக்கும் எங்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். இதுவரை ஒன்பதரை. அம்மா கடதாசியில் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 6, புதன்

கந்தசஷ்டி, ஐந்தாம் நாள். அம்மா பகலில் ஒன்றும் சாப்பிடுவதில்லை, இரவில் பாலும் பழமும் மட்டும். சின்னவருக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. தன் பிஸ்கட்டில் பாதியைக் கடித்து, எச்சிலோடு அம்மம்மாவின் உதட்டில் அழுத்தினார். அம்மா வாயை இறுக்கி மூடித் தலையாட்டினார். சின்னவர் மேலும் அழுத்தினார். கடைசியில் அம்மா வாயைத் திறந்துவிட்டார்.

“முருகன்தானே ஊட்டுறார்” என்றார் என்னைப் பார்க்காமல்.

நவம்பர் 15, வெள்ளி

சூட்கேஸ். ஒன்றை வைத்தால் அவர் இரண்டை எடுக்கிறார். அம்மாவின் சேலைகளை இழுத்து வெளியே போட்டுவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார். தூக்கினால் அலறல். மூடியைச் சாத்துவதுபோலப் பாசாங்கு செய்தால் சிரிப்பு. இப்படியே இரவு பத்து மணி.

மேயில் வந்தவர் ஆறு மாதம் முடிந்து போகிறார். இன்னும் நிற்க வழி இருக்கிறது, விண்ணப்பிக்கலாம் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தோம். “குளிருக்கு முந்திப் போட்டு வாறன் பிள்ளை, மழைக்கு வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது.” அப்பா வைத்த வீடு. அதற்குமேல் நான் என்ன சொல்ல.

நவம்பர் 16, சனி

விமான நிலையம். போய்வந்தாயிற்று. இன்று எழுத முடியவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

அடுத்த திங்கள் சின்னவர் பராமரிப்பு நிலையம் போகிறார். இடம் கிடைத்ததே பெரிய காரியம். அவருடைய வயதுப் பிரிவில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர். ஒன்ராறியோவில் தை மாதத்திலிருந்து அரசாங்கத்தின் கட்டணக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில் நாளொன்றுக்கு அதிகபட்சம் 22 டொலர்தான் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவரைக்கும் இப்போதைய கட்டணம்.

பிள்ளை வீட்டில் பேசும் சொற்களை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். இருந்து எழுதினேன். தன்னி என்றால் தண்ணீர். சோச்சி என்றால் சாப்பாடு. ம்பா, நான்கு கால் உள்ள எதுவும். அப்புறம் ‘இல்ல’. இதற்குப் பக்கத்தில் முதலில் ‘வேண்டாம்’ என்று எழுதினேன். பிறகு ‘முடிந்துவிட்டது.’ பிறகு ‘மர இலை.’ ஒரு வாரமாக அம்மா படுத்த அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அதையேதான் சொல்கிறார். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். கடதாசியில் இடமும் முடிந்துவிட்டது.

டிசம்பர் 3, செவ்வாய்

இரண்டாம் நாள். நான் போனபோது யன்னலோரம் நின்றார். மூக்கு ஒழுக, கையில் ஒரு கடதாசி இலை. செம்மஞ்சள் நிறம், ஓரமெல்லாம் பசை.

“நாள் முழுக்க இலை வேண்டும் என்று அழுதார், வெளியே எல்லாம் அழுகிப்போய்க் கிடக்கிறது, அதனால் வெட்டிக் கொடுத்தேன்” என்றார் ஆசிரியர். என் கடதாசியைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். நன்றி சொன்னேன். திருத்தவில்லை. வீட்டுக்கு வரும்வரை கார் ஆசனத்தில் அந்த இலையைப் பிடித்தபடியே வந்தார்.

டிசம்பர் 7, சனி

கார்க் கண்ணாடியெல்லாம் உறைபனி. காலை ஏழு மணிக்கு அம்மா எடுத்தார், அங்கே மாலை ஐந்தரை. நவம்பர் கடைசியில் பெய்த மழையில் கிணறு முட்டிவிட்டதாம், முற்றத்தில் நின்ற வெள்ளம் இப்போதுதான் வடிந்திருக்கிறது. “நான் வந்தது நல்லதாய்ப் போச்சு பார்” என்றார். பூசணிக்காய் முகத்தை எறிந்தாயிற்றா என்றும் கேட்டார்.

சின்னவர் தொலைபேசியைப் பறித்துத் தன் கடதாசி இலையை அதன் மேல் ஒட்டினார். அங்கே அம்மாவுக்குத் திரை முழுக்கச் செம்மஞ்சளாகத் தெரிந்திருக்க வேண்டும். “என்ன ராசா இது? இலையோ? பொறு பொறு” என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போனார். கொஞ்ச நேரம் வேலி, மண், ஒரு கோழி. பிறகு வாயில் எதையோ வைத்தபடி அம்மாவின் முகம்.

பீப்பீ.

அவர் அசையாமல் நின்றார். இன்னொரு தரம் கேட்டது, முன்னையதைவிட நீளமாக. தொலைபேசியைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தார்.