ஒரே பெட்டி, இரண்டு சிறுமிகள்

தக்காளித் தோட்டத்தில் அரை நாள் நின்றால் விரல்களில் பச்சையும் கறுப்புமாகக் கறை ஏறிவிடும். சோப்புக்கும் லேசில் போகாது. ஜோர்டான் நாட்டின் ஜோர்டான் பள்ளத்தாக்கில், தோட்ட வேலைக்குப் போகும் பிள்ளைகளைச் சந்திக்கப் போகும்போதெல்லாம் நான் முதலில் பார்த்தது கைகளைத்தான். வயதைக் கேட்டால் எல்லோரும் "பதினாறு" என்பார்கள். வேலைக்குச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச வயது 16 என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரு நாள் காலை, இரண்டு சிறுமிகள் ஒரே தக்காளிப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். ஒருத்தி சிரிய அகதிக் குடும்பத்துப் பெண், மற்றவள் உள்ளூர்ப் பெண். வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் எங்கள் திட்டம் அகதிகளுக்கானது. சிரியச் சிறுமியின் பெயரைப் பதிந்துகொண்டேன். உள்ளூர்ப் பெண்ணின் அம்மா, "ரெண்டு பேரும் ஒரே வேலைதானே செய்றாங்க?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்த பிறகும் எனக்குப் பதில் வரவில்லை.

2016-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, அந்த நாட்டில் வேலைக்குப் போன பிள்ளைகள் சுமார் 76,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஜோர்டானியப் பிள்ளைகள். இது தெரிந்தும் அகதிப் பிள்ளைகளை மட்டும் பதியும் படிவத்தோடு நாங்கள் போயிருந்தோம்.

சிரியச் சிறுமி பள்ளிக்குப் போனாள். சில வாரம் கழித்துப் போனபோது, பெட்டியின் மறுபக்கத்தை உள்ளூர்ப் பெண்ணின் தம்பி பிடித்திருந்தான். ஒன்பது வயது இருக்கும்.

பெற்றோருக்கு அறிவுரை சொன்னால் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. வேலை அனுமதிச் சீட்டு இல்லாத சிரிய அப்பாவுக்கு, வேலைக்குப் போனால் பிடிபடுவோமோ என்ற பயம். பிள்ளையை யாரும் அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள், அதனால் பிள்ளை போகும். 2016 பிப்ரவரியில் ஜோர்டான் அரசும் உதவி செய்யும் நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு சிரியர்களுக்கான அனுமதிக் கட்டணம் சில ஆண்டுகளுக்குத் தள்ளுபடியானது. விவசாய வேலைக்குக் கூட்டுறவுச் சங்கம் வழியாகவே அப்போது சீட்டு வாங்க முடிந்தது, ஒரே முதலாளியிடம் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளைத் தோட்டத்திலிருந்து மீட்க, எந்த விழிப்புணர்வுக் கூட்டத்தையும்விட அப்பா கையில் இருக்கும் அந்தச் சீட்டு உதவியது என்பேன்.

அப்புறம் பள்ளி நேரம். பல பள்ளிகளில் சிரியப் பிள்ளைகளுக்கு மதிய ஷிப்டில்தான் வகுப்பு. காலை முழுக்கச் சும்மா இருக்கும் பிள்ளையை பிக்கப் வண்டி ஏற்றிக்கொண்டு போய்விடும். இதைத் தொழிலாளர் துறை ஆய்வாளர் தனியாக என்ன செய்ய முடியும்? அவரும் கல்வித் துறையும் குடும்பங்களைப் பார்க்கும் சமூக நலத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் பேசவே முடியும். அறுவடை முடிந்ததும் குடும்பங்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடும். அதற்குள் பேசியாக வேண்டும்.

அடுத்த ஆண்டு எங்கள் படிவம் மாறியது. எந்த நாட்டவர் என்ற கேள்வி கடைசிப் பக்கத்துக்குப் போனது. முதல் நாளே அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். தம்பிக்கு நேரடியாக வகுப்பில் இடம் கிடைத்தது. அக்கா பள்ளியை விட்டு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அப்படிப்பட்டவர்களை வழக்கமான பள்ளியில் திரும்பச் சேர்க்க அங்கே விதி இடம் கொடுக்கவில்லை. முறைசாராக் கல்வி வகுப்பில்தான் பெயர் எழுதினோம். கையெழுத்துப் போட பேனாவை வாங்கியபோது, விரல் கறை தெரியாதபடி கையை மூடிக்கொண்டாள்.